இது என்ன பூ? தோட்டத்தில் புதிதாகப் பூத்ததைக் கண்டுபிடிக்க அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்துவிட்டால் போதும், அடுத்த வாரமே என் போனில் பூப்படங்கள் வர ஆரம்பித்துவிடும். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், அவர்கள் நம்பர் கொடுத்து அனுப்புகிற முன்பின் தெரியாதவர்கள், எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இது என்ன பூ? நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் ஏழு சென்ட்டில் வீடும் தோட்டமுமாக இருபது வருடம் ஆகிறது. அதற்குள் நான் தப்பாக நினைத்த செடிகளும் உண்டு, அதில் ஒன்று அடுப்பு வரைக்கும் போக இருந்தது, அதைக் கீழே சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைத்தான் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பூவைப் படம் எடுத்து அனுப்பினால் பேர் சொல்ல முடியுமா?

பூ மட்டும் உள்ள படம் என்றால் பெரும்பாலும் முடியாது. எல்லோரும் பூவுக்கு நேர் மேலே போனைக் கொண்டுபோய், சுற்றியிருப்பதெல்லாம் மங்கிப்போகிற மாதிரி அழகாக ஒரு படம் எடுத்து அனுப்புகிறார்கள். எனக்கு வேண்டியது அந்த மங்கிப்போன பகுதிதான். முழுச் செடி ஒரு படம், இலை தண்டோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்று தெரிகிற மாதிரி ஒன்று (ஜோடியாக எதிரெதிரே நிற்கிறதா, மாறி மாறி ஒவ்வொன்றாகப் போகிறதா என்பதே பாதி வேலையை முடித்துவிடும்), இலையின் அடிப்பக்கம் ஒன்று, பூவைப் பக்கவாட்டில் ஒன்று, காயோ விதையோ இருந்தால் அது. பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து எடுத்தால் அளவும் தெரியும். அப்புறம் படத்தில் வராத மூன்றை எழுதி அனுப்புங்கள்: எந்த நேரத்தில் விரிகிறது, மணம் உண்டா, இலையைக் கிள்ளினால் பால் வருகிறதா. கிள்ளிய கையைக் கண்ணில் வைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

சிவப்புப் பூ, மஞ்சள் பூ என்று நிறத்தைச் சொன்னால் போதாதா?

போதாது. ஒரு செடியில் மற்ற எதையும்விட நம்மை அதிகம் ஏமாற்றுவது நிறம்தான்.

ரங்கூன் மல்லியைப் பாருங்கள். சாயங்காலம் விரியும்போது வெள்ளை, மறுநாள் இளஞ்சிவப்பு, அதற்கடுத்து நல்ல சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். வெள்ளையாக இருக்கும் இரவில் நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சிகள் வரும், நிறம் ஏறிய பிறகு பகலில் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வரும். இந்தக் கொடிக்குப் பழைய தாவரவியல் பேர் குவிஸ்குவாலிஸ். இலத்தீனில் அதற்கு ‘யார்? எப்படிப்பட்டது?’ என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் அம்போன் தீவில் இருந்துகொண்டு அந்தப் பக்கத்துச் செடிகளை எழுதிவைத்த ரம்ஃபியஸ் கொடுத்த பேர் அது. இப்போது காம்பிரெட்டம் என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள், எனக்கென்னவோ அந்தக் கேள்விப் பேர்தான் பிடிக்கிறது, நாம் எல்லோரும் புதுப் பூவின் முன்னால் நின்று கேட்பது அதைத்தானே.

உண்ணிச்செடியும் அப்படித்தான், நடுவில் மஞ்சளாக விரிந்து, மகரந்தச் சேர்க்கை முடிந்த பூக்கள் ரோஸ் நிறத்துக்கு மாறிவிடும், தேன் இருக்கும் பூ எது என்று பூச்சிக்கு அது அடையாளம். அந்திமந்தாரை இன்னும் ஒருபடி மேல். ஒரே செடியில் மஞ்சளும் ரோஸும் பூக்கும், ஒரே பூ பாதி மஞ்சள் பாதி ரோஸாகவும் கோடு கோடாகவும் வரும். அதன் விதையைப் பார்த்தால் சுருக்கம் விழுந்த மிளகு மாதிரியே இருக்கும், அது விஷம், அடுக்களை ஜன்னல் திட்டில் காய வைக்காதீர்கள்.

நிறத்தை விட்டால் பூவில் வேறு எதைப் பார்ப்பது?

எண்ணிப் பாருங்கள், அமைப்பைப் பாருங்கள். இதழ் மூன்றின் மடங்காக இருந்து, இலை நரம்புகள் நீளவாக்கில் ஒன்றுக்கொன்று இணையாகப் போனால் அது லில்லி, சம்பங்கி வகையறா பக்கம். ஐந்து இதழ், இலையில் வலை மாதிரி நரம்பு என்றால் வேறு கூட்டம். ஐந்து இதழும் காற்றாடி றெக்கை போல ஒரே பக்கமாகத் திரும்பியிருந்து, கிள்ளினால் பாலும் வந்தால் அரளிக் குடும்பம் என்று சந்தேகப்படுங்கள். அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, அல்லமண்டா, இப்போது எல்லா நர்சரியிலும் குட்டையாகத் தொட்டியில் விற்கிற ஆடினியம், எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஆடினியத்தைப் பாலைவன ரோஜா என்கிறார்கள், ரோஜாவுக்கும் அதற்கும் ஒரு உறவும் கிடையாது, ஆப்பிரிக்காவில் அதன் பாலை அம்பு நுனியில் விஷமாகத் தடவியிருக்கிறார்கள்.

எண்ணும்போதும் ஒன்று கவனிக்க வேண்டும், இதழ் என்று நாம் நினைப்பது இதழாகவே இல்லாமல் இருக்கலாம். காகிதப்பூவில் கலர் கலராக இருப்பது இதழ் இல்லை, நிறம் மாறிய இலை. மூன்று இலைக்கு நடுவில் மெல்லிய குழல் மாதிரி வெள்ளையாக நிற்கிறதே, அதுதான் பூ. சூரியகாந்தியும் செவ்வந்தியும் ஒரு பூ இல்லை, நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள் ஒரே தட்டில் உட்கார்ந்திருக்கின்றன, விளிம்பில் ஒவ்வொரு ‘இதழும்’ தனித்தனிப் பூ.

மல்லிகை என்று சொல்லிக் கொடுத்தார்கள், வெள்ளையாகத்தான் பூக்கிறது, ஆனால் மதுரை மல்லி மணம் இல்லையே?

மதுரைக்காரர்களுக்கு இதில் வருகிற கோபம் எனக்கும் புரியும். முதலில் ஒரு இலையைக் கிள்ளுங்கள். பால் வந்தால் அது மல்லிகைக் குடும்பமே இல்லை, அடுக்கு நந்தியாவட்டையாக இருக்கும். தூரத்தில் பார்த்தால் பெரிய குண்டு மல்லி மாதிரியே தெரியும், ஆனால் இலை பளபளப்பாகப் பெரிதாக இருக்கும், மொட்டுக் காம்பில் பால் ஒட்டும். சாமிக்கு நல்ல பூ, தலைக்கு வைத்தால் மல்லி மணம் வராது.

பால் வரவில்லை என்றால் இலையை வைத்தே மல்லி வகைகளைப் பிரித்துவிடலாம். மல்லிகைக்கு ஒரு கணுவில் ஒற்றை இலைகள் எதிரெதிரே. முல்லைக்கு நடு இலை பெரிதாக இருந்து, அதன் அடியில் இரண்டு பக்கமும் காது மாதிரி குட்டி இலை ஒட்டிக்கொண்டிருக்கும். பிச்சிக்கு, சில ஊரில் ஜாதிமல்லி என்பார்கள், ஒரே காம்பில் இரண்டு பக்கமும் வரிசையாகச் சிற்றிலைகள், மொட்டின் வெளிப்பக்கம் லேசாக ரோஸ் ஓடியிருக்கும். காக்கரட்டான் மல்லி மாதிரியே ஒற்றை இலை, பூவின் இதழ் மட்டும் ஒடிசலாக நட்சத்திரம் போல விரியும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இவையெல்லாம் பக்கத்துப் பக்கத்துக் குவியலாக இருக்கும், ஒரு காலை நேரம் போய் நின்றால் மொட்டின் வித்தியாசத்தைக் கை பழகிக்கொள்ளும்.

இனி செடி உண்மையிலேயே மதுரை மல்லிதானா என்பது. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ அது. தடித்த இதழ், நீளமான காம்பு, சீக்கிரம் வாடாத தன்மை என்று அடையாளம் சொல்வார்கள். ஆனால் நாற்றுப் பெரும்பாலும் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் இருந்து வருகிறது, இங்கத்து மண்ணும் வெயிலும்தான் அதை மதுரை மல்லி ஆக்குகிறது. அதனால் அதே பதியனைக் கொண்டுபோய்ச் சென்னை மாடித் தோட்டத்துத் தொட்டியில் வைத்துவிட்டு மணம் பத்தவில்லை என்று செடி விற்றவரைத் திட்ட வேண்டாம்.

மரமல்லி, பவளமல்லி பற்றியும் கேட்கிறார்கள். பவளமல்லி மல்லிகைக் குடும்பமேதான். மரமல்லி வேறு குடும்பம், பேரில் மட்டும் மல்லி.

எங்கள் வீட்டில் பிரம்மகமலம் பூத்திருக்கிறது! பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் பூக்குமாமே?

சந்தோஷமான விஷயம்தான், ராத்திரி விழித்திருந்து பார்க்க வேண்டிய பூ, எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பூத்தபோது பத்துப் பதினைந்து பேர் வாசலில் காத்திருந்தோம். ஆனால் இமயமலையில் இருக்கும் பிரம்மகமலம் வேறு. அது செவ்வந்திக் குடும்பம், அந்தக் குளிரில் வளர்வது. நம் வீட்டுத் தொட்டியில் பூப்பது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துக் கள்ளி. நிஷாகந்தி என்ற பேர் அதற்குச் சரியாகப் பொருந்தும். ‘இலையில் இருந்து பூ வருகிறது, அதிசயம்’ என்று எல்லோரும் சொல்வார்களே, அது இலையும் இல்லை, தட்டையாகிப்போன தண்டு, கள்ளிச் செடிகளுக்கு அது வழக்கம். செடி தேறிவிட்டால் வருடா வருடம் பூக்கும். பன்னிரண்டு வருடக் கணக்கு குறிஞ்சிக்கு உரியது, கொடைக்கானல் மலையில் 2006இலும் 2018இலும் பூத்ததே, அது.

கிருஷ்ணகமலமும் இதே மாதிரிதான். சுற்றியிருக்கும் ஊதா இழைகள் நூறு கௌரவர், நடுவில் இருக்கும் ஐந்து பாண்டவர், அதற்கு மேல் மும்மூர்த்தி என்று பிள்ளைகளுக்கு எண்ணிக் காட்டுகிறோம். அந்தக் கொடி தென் அமெரிக்காவில் இருந்து வந்தது. அங்கே அதைப் பார்த்த ஸ்பானியப் பாதிரிமார் அதே ஐந்தை இயேசுவின் காயங்கள் என்றும் மூன்றை ஆணிகள் என்றும் எண்ணினார்கள். பூ ஒன்றுதான், பார்க்கிற கண்ணுக்கு எது தெரியுமோ அது தெரிந்திருக்கிறது. நாகலிங்கமும் தென் அமெரிக்க மரமே. கோயிலில் வைப்பதற்கு இதெல்லாம் தடை இல்லை, பேர் தேடும்போது மட்டும் கதையை நம்பி நம்ம ஊர்ச் செடி என்று தேடாதீர்கள், கிடைக்காது.

இலையே இல்லாமல் வெறும் தரையில் இருந்து ஒரு பெரிய பூ, கத்தரிப்பூ நிறம், செத்த எலி நாற்றம். என்ன இது? வெட்டிவிடலாமா?

வெட்டாதீர்கள், அது சேனைக்கிழங்கு! எப்போதோ புதைத்தது, அல்லது தோண்டும்போது விட்டுப்போனது, கோடைமழை ஒன்று விழுந்ததும் இலைக்கு முன்னால் பூவை அனுப்பியிருக்கிறது. எங்கள் மதினி வீட்டில் இதே மாதிரி ஒரு வைகாசியில் நாற்றம் வந்து, பெருச்சாளி செத்துக் கிடக்கிறதென்று விறகுக் குவியல் முழுக்கப் பிரித்துப் போட்டுவிட்டார்கள், கடைசியில் சுவரோரம் இது உட்கார்ந்திருந்தது. பிணத்தில் முட்டையிடுகிற ஈயையும் வண்டையும் வரவழைக்கத்தான் அந்த நிறமும் நாற்றமும். பூச்சிகள் இறைச்சி என்று நம்பி வந்து மகரந்தத்தைச் சுமந்துகொண்டு போகின்றன. ஒரு நாள் பொறுத்தால் நாற்றம் அடங்கிவிடும். அப்புறம் பார்க்கக் குடை மாதிரி ஒரு இலை வரும், அதையும் இதையும் இரண்டு தனிச் செடி என்று நினைப்பவர்கள் நிறைய.

மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நர்சரியில் வாங்கினேன். கீரையாகச் சமைக்கலாமா?

சமைக்கும் முன் இலையைப் பாருங்கள். தரையை மூடிக்கொண்டு படர்வதற்காக ரோட்டுத் திட்டுகளிலும் புல்வெளி ஓரத்திலும் வைக்கிற மஞ்சள் பூக்கொடி ஒன்று இருக்கிறது, அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தது. இரண்டுக்கும் பூ அப்படியே ஒன்று போலத் தெரியும், நெருங்கிய உறவு வேறு. படர்கொடியின் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்து நிற்கும், உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை பிளவில்லாமல் நீளவாக்கில் போகும். மடல் இருந்தால் நான் வாயில் வைக்க மாட்டேன்.

வெள்ளைக் கரிசாலையிலும் குழப்பம் உண்டு. வரப்பில் நீளக் காம்பில் ஒற்றைப் பூவாக, நடுவில் மஞ்சளும் ஓரத்தில் நுனி வெட்டுப்பட்ட நாலைந்து வெள்ளை இதழுமாக நிற்பது வெட்டுக்காயப் பூண்டு. கரிசாலைக்குக் காம்பு சின்னது, பூ பொடி, கசக்கினால் கொஞ்ச நேரத்தில் சாறு கறுத்துக் கையில் கறை பிடிக்கும்.

அடுப்பு வரைக்கும் போக இருந்தது என்றீர்களே, அது எந்தச் செடி?

வீடு கட்டி இரண்டாவது வருடம். வேலியோரம் ஒரு கொடி தானாக முளைத்தது. ஆரம்பத்தில் பச்சை கலந்த மஞ்சளில் ஒரு பூவைப் பார்த்தேன். நாலு நாள் கழித்துப் போனால் ஆரஞ்சு, அடியில் மஞ்சள். கார்த்திகை பிறக்கும்போது நல்ல ரத்தச் சிவப்பு. மூன்று விதக் கொடி பின்னிக்கொண்டிருக்கிறது என்றே நினைத்தேன், நிறத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தை மாதம் கொடி காய்ந்த பிறகு அந்த இடத்தைக் கொத்தும்போது விரல் தடிமனில் வழவழப்பாகக் கிழங்கு கிடைத்தது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, ‘சீனிக்கிழங்கு மாதிரி இருக்கே, அவிச்சுப் பாப்பமா’ என்றார். நானும் கழுவி எடுத்துவிட்டேன்.

அன்றைக்கு உசிலம்பட்டியில் இருந்து பெரியப்பா வந்திருந்தார். தட்டில் இருந்ததை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், கவட்டை மாதிரி வளைந்திருந்தது. ‘ஏம்மா, இது கலப்பைக் கிழங்கும்மா. ஆடுகூட வாய வைக்காது. கீழ போட்டுட்டுக் கையக் கழுவு’ என்றார். கலப்பையின் வளைவுதான் அந்தப் பேருக்குக் காரணம். கண்வலிக்கிழங்கு, கார்த்திகைப் பூ, செங்காந்தள், எல்லாம் அதுவே. தமிழ்நாட்டின் மாநில மலர். சங்கப் பாடல்களில் பெண்களின் விரலுக்கு உவமையாக வருகிற காந்தள். அதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின் கீல்வாத வகை ஒன்றுக்கு மருந்து. அதற்காகவே ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் பந்தல் போட்டுப் பயிராக்கி விதையை விற்கிறார்கள். தெரியாமல் கிழங்கைத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகத் தொடங்கி உயிரையே எடுத்துவிடும்.

கோபம் வருகிறது என்னவென்றால், அடையாளம் என் கண் முன்னால்தான் இருந்தது. செங்காந்தளின் இலை நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டு பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும், நரம்பு நேர்நேராக ஓடும். சீனிக்கிழங்கின் இலை இதயம் மாதிரி, தண்டை ஒடித்தால் பால் வரும். ஒரு இலையைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மூன்று மாதம் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் படம் அனுப்பினாலும் இலை எங்கே என்று நான் கேட்பது அந்தத் தட்டு ஞாபகத்தில்தான்.

அப்படியானால் பால் வருகிற செடி எல்லாம் விஷமா?

இல்லை. பலா, சப்போட்டா, அத்தி எல்லாவற்றிலும் பால் உண்டு. ஊமத்தையில் ஒரு சொட்டுப் பால் வராது, அது கடும் விஷம். பால் என்பது எந்தக் குடும்பம் என்று தேடத்தான் உதவும், தின்னலாமா என்று முடிவு செய்ய அல்ல.

அரளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாலுவழிச் சாலை நடுவில் ரோஸாகப் பூத்து நிற்பதும் அரளி, திருவாச்சி என்றும் பொன்னரளி என்றும் சொல்கிற மஞ்சள் பூ மரமும் அரளி, இரண்டும் வேறு வேறு செடி, இரண்டுமே இதயத்தைப் பாதிக்கிற விஷம். பொன்னரளிக் கொட்டை அதில் மோசம். அதையும் அல்லமண்டாவையும் மஞ்சள் பூவை வைத்துக் குழப்பிக்கொள்வார்கள், பொன்னரளி இலை ஒடுக்கமாகப் புல் மாதிரி, அல்லமண்டா இலை அகலமாகக் கணுவுக்கு மூன்று நாலாகச் சுற்றி நிற்கும், காய் முள்ளுமுள்ளாக இருக்கும். 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவை நிறுத்திவிட்டன. மாலையாகச் சாத்துவது வேறு, தின்கிற பொருளில் கலப்பது வேறு.

குழந்தை ஏதோ ஒரு பூவையோ காயையோ தின்றுவிட்டது. பேர் தெரியவில்லை.

எனக்குப் படம் அனுப்பிக் காத்திருக்காதீர்கள். வாயில் மிச்சம் இருந்தால் எடுத்துவிட்டு உடனே பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்கோ போங்கள், வண்டி இல்லை என்றால் 108. இலை, பூ, காயோடு ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டுக் கூடவே கொண்டுபோங்கள். புளித்தண்ணி, உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்.

போனில் ஆப் இருக்கிறதே, அது சொல்வதை நம்பலாமா?

நானும் பயன்படுத்துகிறேன். கூகுள் லென்ஸ், பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் நடத்தும் பிளாண்ட்நெட், மற்றவர்களும் பார்த்துத் திருத்துகிற ஐநேச்சுரலிஸ்ட், மூன்றும் நல்லவை. ஆனால் அவை படத்தைத்தான் பார்க்கின்றன, உங்கள் கையில் இருக்கிற செடியை இல்லை, நாம் பூவை மட்டும் காட்டினால் அதுவும் நம்மைப் போலவே பூவைப் பார்த்துத்தான் பேர் சொல்லும். அதனால் இலைக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் காட்டி, இரண்டுக்கும் ஒரே பேர் வருகிறதா பாருங்கள். வந்தால் அந்தப் பேரின் காய், விதைப் படங்களையும் தேடி ஒப்பிடுங்கள். சமைக்கவோ மருந்துக்கோ என்றால் ஆப் சொன்னது போதவே போதாது.

எப்படிப் பார்த்தும் பேர் தெரியவில்லை. பிடுங்கிவிடவா?

பார்த்தீனியம் இல்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள் (கேரட் இலை மாதிரி பிரிந்த இலை, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ, தொட்டால் பலருக்குத் தோலில் அரிப்பு). அது இல்லை என்றால் விட்டுவையுங்கள், காய்க்கட்டும். பூ சொல்லாததைக் காய் சொல்லிவிடும்.

அதற்குள் பூவோடும் இலையோடும் ஒரு சாண் கிளையை ஒடித்து, பழைய நியூஸ் பேப்பருக்குள் விரித்து வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். தினமும் பேப்பரை மாற்றினால் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். எந்த ஊர், எந்தத் தேதி, எவ்வளவு உயரம், பூவின் நிறம் என்ன என்பதைக் கூடவே எழுதி வையுங்கள், காய்ந்தால் நிறம் போய்விடும். அதை எடுத்துக்கொண்டு மதுரையில் ஏதாவது ஒரு கல்லூரியின் தாவரவியல் துறைக்குப் போங்கள், ஒத்தக்கடை வேளாண் கல்லூரியும் இருக்கிறது. அதற்கும் மேலே என்றால் திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம். இப்படிக் காய வைத்து ஒட்டிய செடிகளைத்தான் அங்கே பல தலைமுறையாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், உங்கள் கிளையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். வேரும் காயும் கிடைத்தால் அவற்றையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.